கடலோரச் சுற்றுலா ஊர் ஒன்றின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகிறவர் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் ஆகிய மூன்று ஊர்களையும் ஒரு காலைப்பொழுதிலேயே பார்த்துவிடலாம். மூன்றும் பழைய துறைமுகங்கள்; மூன்றிலும் மீனவர் குப்பம் இன்றும் கடலை ஒட்டியே இருக்கிறது. ஆயினும் முதலாவது விடுமுறை விடுதிகளின் ஊராகவும், இரண்டாவது சிற்பங்களைக் காண வருவோரின் ஊராகவும், மூன்றாவது கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் நிழலில் அதிகம் பேர் இறங்கிப் பார்க்காத ஊராகவும் ஆகியிருக்கின்றன. இத்தகைய ஊர் ஒன்றின் வரலாற்றைத் தொகுக்க விரும்பும் ஆசிரியருக்கோ மாணவருக்கோ அவ்வூரிலேயே பிறந்தவருக்கோ உதவும் வகையில், இந்தக் கரையை எடுத்துக்காட்டாக வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

விடுதிகள் வந்துவிட்ட ஊருக்கு இரண்டு வரலாறுகள் உண்டு என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். வந்து போகிறவருக்குச் சொல்லப்படும் கதை ஒன்று. ஊர்க்காரர் தமக்குள் சொல்லிக்கொள்ளும் கதை மற்றொன்று. முதலாவதில் மன்னர், கோட்டை, கோயில், அழகிய மணல் ஆகியவை மட்டுமே இருக்கும். இரண்டாவதில் புயல், வலை, இழந்த நிலம், குடிபெயர்வு ஆகியவை இருக்கும். இரண்டில் எதையும் அப்படியே ஏற்காமல், கல்வெட்டோடும் காகித ஆவணத்தோடும் உரசிப் பார்ப்பதுதான் தொகுப்பவரின் வேலை. "இந்த ஊருக்குக் கடல் எதுவரை பிழைப்பாக இருந்தது, எப்போது காட்சியாகவும் ஆனது, அப்போது யார் எங்கே நகர்ந்தார்கள்?" என்ற கேள்வியைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டால், நூலகத்தில் கிடைப்பதையெல்லாம் படியெடுத்துக் குவிக்கும் ஆசையிலிருந்து அது உங்களைக் காக்கும்.

பெயர்களைத் திரட்டுதல்

தேடத் தொடங்குமுன் ஊருக்கு வழங்கிய எல்லாப் பெயர்களையும், அவற்றின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் ஒரு பட்டியலாக்க வேண்டும். மாமல்லபுரம் ஆழ்வார் பாசுரத்தில் கடல்மல்லை. பேச்சுவழக்கில் மாவலிபுரம், மகாபலிபுரம். ஐரோப்பிய மாலுமிகளின் குறிப்புகளில் 'ஏழு பகோடாக்கள்'. கோவளம் ஆங்கில ஆவணங்களில் 'கோவ்லாங்' என்றும், அங்கே ஆர்க்காட்டு நவாப் கட்டிய கோட்டை 'சாதத் பந்தர்' என்றும் வரும். சதுரங்கப்பட்டினம் டச்சு, ஆங்கிலப் பதிவுகளில் 'சட்ராஸ்'. சம்புவராயர் மரபினர் ஆண்ட காலத்தில் அதற்கு இராசநாராயணன் பட்டினம் என்றும் பெயர் இருந்தது. இன்றைய பெயரை மட்டும் வைத்துத் தேடுகிறவருக்கு இவ்வூர்களின் 18-ஆம் நூற்றாண்டு ஏறத்தாழ வெறுமையாகவே தெரியும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. திருவனந்தபுரத்துக்கு அருகில் ஒரு கோவளம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு கோவளம் இருக்கிறது. கடற்கரை, மீனவர், சுற்றுலா என்று எந்தச் சொல்லைச் சேர்த்துத் தேடினாலும் மூன்றும் கலந்தே வரும். நான் தொடக்கத்தில் எடுத்த குறிப்புகளில் கேரளத்துக் கோவளத்தின் தகவல்கள் சில நுழைந்துவிட்டதை வெகுநாள் கழித்தே கண்டுபிடித்தேன். ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் மாவட்டப் பெயரை எழுதிவிடுவது இதற்கு எளிய மருந்து.

மாவட்டப் பெயரும் நிலையானதன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆர்க்காட்டு நவாப் 1763-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இப்பகுதியை ஜாகீராக, அதாவது வரி வருவாயைப் பெறும் உரிமையோடு கூடிய மானியமாக, வழங்கியதால், அக்காலப் பதிவுகள் 'ஜாகீர்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும். பின்னர் அது செங்கல்பட்டு மாவட்டமாயிற்று. 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானது. நீங்கள் தேடும் ஆவணம் எந்த ஆண்டைச் சேர்ந்ததோ அந்த ஆண்டின் மாவட்டப் பெயரில்தான் அது கட்டிவைக்கப்பட்டிருக்கும்.

கல்லிலிருந்து தொடங்குதல்

கல்வெட்டு நமக்கு உதவாது, அது புலவர்களின் வேலை என்று ஒதுங்கிவிடக் கூடாது. இந்திய தொல்லியல் துறை வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளிலும், ஆண்டுதோறும் வந்த கல்வெட்டு அறிக்கைகளிலும், தமிழ்நாடு தொல்லியல் துறையின் நூல்களிலும் உங்கள் ஊரின் பெயரையும் சுற்றியுள்ள சிற்றூர்களின் பெயர்களையும் தேடிப் பாருங்கள். கொடை யார் கொடுத்தார் என்பதைவிட, நிலத்தின் எல்லையாக எவற்றைச் சொல்லியிருக்கிறார்கள் என்பதே உள்ளூர் வரலாற்றுக்குப் பெரும்பாலும் அதிகம் பயன்படும். குளம், உப்பளம், வழி, கழி என்று அக்காலத்து நிலக்காட்சி அங்கேதான் கிடைக்கும்.

கல்வெட்டு ஒரு வழிகாட்டிப் பலகையாகவே செயல்பட்டதற்குச் சாளுவன்குப்பம் சிறந்த சான்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை, மாமல்லபுரத்துக்கு வடக்கே அவ்விடத்தில் இருந்த பாறை ஒன்றின் மேல் கிடந்த மணலை அரித்துச் சென்றது. அதில் வெளிப்பட்ட கல்வெட்டுகள், இராட்டிரகூட மன்னன் கன்னரதேவன் காலத்துக் கல்வெட்டு உட்பட, திருவிழிச்சில் என்ற ஊரில் இருந்த முருகன் கோயிலுக்குக் கொடுத்த கொடைகளைப் பற்றிப் பேசின. அப்படியொரு கோயில் அங்கே கண்ணுக்குத் தெரியவில்லை. தொல்லியல் அறிஞர்கள் அருகிலிருந்த மணல்மேட்டை 2005-இல் அகழ்ந்தபோது கோயிலின் அடித்தளம் கிடைத்தது. பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானத்துக்குக் கீழே அதற்கும் முந்தைய செங்கல் கோயில் இருந்தது. கல்வெட்டில் உள்ள, ஆனால் தரையில் இல்லாத ஒவ்வொரு பெயரையும் தனித்தாளில் குறித்துவைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

காகித ஆவணங்களும் கோவளக் கோட்டையும்

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில்தான் பெரும்பாலான வேலை நடக்கும். அங்கே போவதற்கு முன் 1879-இல் வெளியான செங்கல்பட்டு மாவட்டக் கையேட்டையும் பின்வந்த விவரச்சுவடிகளையும் படித்துவிட்டால், எதைக் கேட்பது என்று தெரிந்து கேட்கலாம். தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து, ஒவ்வொன்றிலும் எத்தனை வீடுகள், எவ்வளவு நிலம், யார் யாருக்கு விளைச்சலில் என்ன பங்கு என்று பதிவு செய்தார். அதன் அடிப்படையான தமிழ்ச் சுவடிகள் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. சுற்றுலாவுக்கு 200 ஆண்டுகளுக்கு முன் உங்கள் ஊர் எப்படி இருந்தது என்பதை அறிய இதைவிட நுட்பமான சான்று கிடைப்பது அரிது. வட்டாட்சியர் அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் உள்ள கிராம வரைபடம், ஒவ்வொரு புல எண்ணின் நில வகையையும் காட்டும் 'அ' பதிவேடு, புலப்படம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். மேய்க்கால், தோப்பு, உப்பளம் என்று குறிக்கப்பட்ட புல எண்களை இன்றைய வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தால், எந்த விடுதி எந்த வகை நிலத்தின்மேல் நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

வெளிநாட்டு ஆவணங்களைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. டச்சுக்காரரின் பதிவுகள் நெதர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. சென்னைக் காப்பகத்திலும் டச்சுப் பதிவுகளின் ஒரு பகுதி உண்டு. உங்கள் ஊர் இன்னும் தெற்கே தரங்கம்பாடியாக இருந்தால், நிலைமை வேறு. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்பாடு செய்துகொண்டு டேனியர் அங்கே கோட்டை கட்டினர். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அவ்வூர் அவர்களிடம் இருந்தது. ஆகவே அதன் ஆவணங்கள் கோபன்ஹேகனிலும், மறைப்பணியாளர்களின் கடிதங்களும் ஏடுகளும் ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனத்திலும் இருக்கின்றன. இவற்றில் கணிசமான பகுதி இணையத்தில் படமாகவே கிடைக்கிறது.

ஆவணத்தோடு உரசிப் பார்ப்பது என்றால் என்ன என்பதற்குக் கோவளத்தை எடுத்துக்கொள்வோம். கோவளத்தில் இருந்தது டச்சுக் கோட்டை என்று சுற்றுலாத் தளங்களிலும் பயணக் குறிப்புகளிலும் மீண்டும் மீண்டும் படிக்கிறோம். இப்படியொரு செய்தி வந்தால், அதை ஏற்கவோ மறுக்கவோ முன், யார் எந்த ஆண்டில் அங்கே இருந்தார்கள் என்று ஒரு காலக்கோடு போட வேண்டும். 1720-களில் கோவளத்தில் நிலையம் வைத்திருந்தது ஆஸ்டெண்ட் கம்பெனி. அது இன்றைய பெல்ஜியப் பகுதியிலிருந்து, ஆஸ்திரியப் பேரரசர் 1722-இல் அளித்த உரிமையோடு வந்த வணிகக் குழு. மற்ற ஐரோப்பிய அரசுகளின் நெருக்கடியால் 1731-இல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் கோட்டையைக் கட்டியவர் 1744 முதல் 1749 வரை ஆர்க்காட்டு நவாபாக இருந்த அன்வருத்தீன். 1750-இல் பிரெஞ்சுக்காரர் அதைச் சூழ்ச்சியால் கைப்பற்றினர். 1752-இல் ராபர்ட் கிளைவ் அதை முற்றுகையிட்டுப் பிடித்தார். பின்னர் அது வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. டச்சுக்காரரின் உண்மையான கோட்டை இங்கிருந்து தெற்கே, சதுரங்கப்பட்டினத்தில் இருக்கிறது. அயல்நாட்டவர் கோட்டை என்றாலே டச்சுக் கோட்டை என்று இக்கரையில் சொல்லிப் பழகிவிட்டதால், நவாபின் கோட்டைக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கணிப்பைக் கணிப்பு என்றே எழுத வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கல்லறைகளை மறக்க வேண்டாம். சதுரங்கப்பட்டினக் கோட்டைக்குள் உள்ள டச்சுக் கல்லறைக் கற்களில் பெயரும் ஆண்டும் குடும்பச் சின்னமும் செதுக்கப்பட்டிருக்கின்றன. கோவளத்தில், சென்னை வணிகர் ஜான் டி மான்டி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கார்மேல் அன்னை ஆலயத்திலேயே அவருடைய கல்லறையும் இருக்கிறது. உப்புக்காற்றில் எழுத்துத் தேய்ந்த கற்களைப் படிக்க, மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905-இல் அரசு வெளியிட்ட பட்டியலைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். கல்லின்மேல் சுண்ணமோ மாவோ தேய்க்கக் கூடாது. மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படமெடுத்தால் எழுத்து தானே எழுந்து நிற்கும்.

கடலையும் ஓர் ஆவணமாகப் படித்தல்

உள்நாட்டு ஊரின் வரலாற்றை எழுதுகிறவருக்கு இல்லாத கவலை ஒன்று கடலோர ஊரின் வரலாற்றை எழுதுகிறவருக்கு உண்டு: கரை ஒரே இடத்தில் நிற்பதில்லை. தரங்கம்பாடியில் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குலசேகர பாண்டியன் எடுப்பித்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஆகவே பழைய ஆவணத்தில் "கோயிலுக்குக் கிழக்கே உள்ள தெரு" என்று படித்தால், அத்தெரு இன்று அலைக்கு அடியில் இருக்கக்கூடும் என்ற எண்ணம் வர வேண்டும்.

மாமல்லபுரக் கரையில் ஏழு கோயில்கள் இருந்தன, அவற்றில் பெரும்பாலானவற்றைக் கடல் கொண்டது என்னும் ஏழு கோயில் கதை இதில் தனிப்பாடம். வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1772-இலும் 1776-இலும் அங்கே சென்றார். 1788-இல் அச்சான அவருடைய கட்டுரையில், கடலுக்குள் வெகுதூரத்தில் இருந்த கோபுரங்களின் செம்புத் தகடு வேய்ந்த உச்சிகள் சூரிய உதயத்தின்போது மின்னியதை ஊர் முதியோர் பார்த்திருந்ததாகக் கேள்விப்பட்டதைப் பதிவு செய்தார். 2002-இல் தேசியக் கடலியல் நிறுவனமும் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வுக் குழுவும் கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் நீருக்கடியில் கட்டுமானச் சுவர்களின் எச்சங்களைக் கண்டன. இதைக் கொண்டு ஏழு கோயில்களும் கிடைத்துவிட்டன என்று எழுதினால் பிழை. ஊர்க்கதை வெறும் கட்டுக்கதை என்று எழுதினாலும் பிழை. கதை எந்த ஆண்டில் முதன்முதலாக எழுத்தில் வந்தது, அதைச் சொன்னவர் தாமே கண்டாரா பிறர் சொல்லக் கேட்டாரா, நீருக்கடியில் கிடைத்தது என்ன என்ற மூன்றையும் தனித்தனியாக எழுதி, வாசகரே எடைபோட விட்டுவிட வேண்டும்.

கரை நகர்ந்ததை அளக்க இன்று நல்ல கருவிகள் உள்ளன. அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த 'கொரோனா' படங்கள் இரகசிய நீக்கம் செய்யப்பட்டு அந்நாட்டு நிலவியல் ஆய்வகத்தின் தளத்தில் கிடைக்கின்றன. விடுதிகள் வருமுன் இருந்த மணல்மேடுகளையும் தோப்புகளையும் அவற்றில் காணலாம். ஆழிப்பேரலைக்கு முன்னும் பின்னும் இருந்த நிலையைக் கூகுள் எர்த்தின் பழைய படங்களில் ஒப்பிடலாம். ஆனால் கருவியை மட்டும் நம்புவதைவிட, கட்டுமரத்தில் போன தலைமுறையைச் சேர்ந்தவரிடம் கேட்பது சிறந்தது. கரையில் தெரியும் குன்று, கோபுரம், பனைமரம் ஆகியவற்றை வரிசைப்படுத்திப் பார்த்துக் கடலடிப் பார்களின் (பாறைத் திட்டுகளின்) இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ளும் அவர்களுடைய அறிவில், இன்று இல்லாத மரங்களும் கட்டடங்களும் இன்னும் நின்றுகொண்டிருக்கும்.

விடுதிகள் வந்த காலம்

உள்ளூர் வரலாறு எழுதுகிறவர்கள் பொதுவாக 1947-இல் நிறுத்திவிடுகிறார்கள். சுற்றுலா ஊரைப் பொறுத்தவரை அது கதையின் பாதியை வெட்டிவிடுவதற்குச் சமம். வண்டிப்பாதை சரியில்லாத காலத்தில் மாமல்லபுரம் செல்வோர் பக்கிங்காம் கால்வாயில் படகேறினர். 1806-இல் எண்ணூர்ப் பக்கம் தொடங்கிய அக்கால்வாய், 1877-78 பஞ்ச நிவாரணப் பணியில் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தபின் தொடர்ச்சியான நீர்வழியாயிற்று. கால்வாய்க் காலத்துக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக் காலத்துக்கும் இடையே வேடிக்கையான வேறுபாடு ஒன்று உண்டு: முன்னது ஊரின் முதுகுப்புறமாக, மேற்கிலிருந்து ஆளை இறக்கிவிட்டது, பின்னது ஊருக்கும் கடலுக்கும் இருந்த நிலத்தை விலைப்பொருளாக்கியது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தவர் இறங்கினாரோ அந்தப் பக்கத்தில்தான் கடையும் சத்திரமும் வளரும் என்பதால், உங்கள் ஊரிலும் போக்குவரத்து வழி மாறிய ஆண்டுகளை முதலில் கண்டுபிடியுங்கள்.

இக்கரையில் ஒவ்வொன்றாக வந்தவற்றைக் கால வரிசையில் வைத்தாலே ஒரு கோலம் தெரியும். 1957-இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையம். 1974-இல் கோவளத்தில், பழைய கோட்டையின் இடத்தில், கடற்கரை விடுதி. 1976-இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. 1984-இல் மாமல்லபுரச் சின்னங்களுக்கு யுனெஸ்கோ அங்கீகாரம். 1996-இல் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்னும் பண்பாட்டு அருங்காட்சியகம். 2021-இல் கோவளம் கடற்கரைக்குத் தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் பன்னாட்டு நீலக்கொடிச் சான்று. இதே காலத்தில் சதுரங்கப்பட்டினத்தின் பக்கத்தில் 1983-இல் அணு உலை இயங்கத் தொடங்கியது. டச்சுக் கோட்டை இருந்தும் அவ்வூர் ஏன் கோவளமாகவில்லை என்பதற்கு விடை தேடுகிறவர் இங்கிருந்து தொடங்கலாம்.

நிலத்தின் கதைக்குச் சட்டத்தின் கதையும் தேவை. 1981-இல் பிரதமர் இந்திரா காந்தி, கடல் ஏற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடங்களைத் தவிர்க்குமாறு கடலோர மாநில முதல்வர்களுக்கு எழுதினார். 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. 2011-இலும் 2019-இலும் அது மாற்றி எழுதப்பட்டது. கட்டடம் ஒன்று எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தால், அது எந்த விதியின்கீழ் எழுந்தது என்பதும் தெரியும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்கி நிலம் கைமாறிய வரிசையை அறியலாம். ஆனால் உயிரோடிருக்கும் தனியாரின் பெயர்களை அச்சில் ஏற்றாமல், புல எண்ணும் ஆண்டும் மட்டும் தருவது முறை.

பழைய ஒளிப்படங்களுக்கும் அஞ்சலட்டைகளுக்கும் ஆண்டு எழுதியிருக்காது. அவற்றின் காலத்தைப் படத்துக்குள்ளிருந்தே கணிக்க வேண்டும். கடற்கரைக் கோயிலின் அடியை அலை நேரே தொடும் படம், கருங்கல் தடுப்பு போடுவதற்கு முந்தையது. கோயிலின் வடபுறத்தில் படிகளோடு கூடிய பள்ளமும் வராகச் சிற்பமும் தெரிந்தால், அவை மணலுக்கடியிலிருந்து வெளிவந்த 1990-க்குப் பிந்தையது. உங்கள் ஊரிலும் இப்படி நாலைந்து அடையாளங்களைத் தேர்ந்துவைத்துக்கொண்டால், வீட்டு ஆல்பங்களிலிருந்து வரும் படங்களைக்கூட வரிசைப்படுத்திவிடலாம்.

பெரியவர்களிடம் கேட்டல்

குப்பத்துக்குள் நேரே ஒலிப்பதிவுக் கருவியோடு போகக் கூடாது. முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கண்டு, என்ன செய்யப் போகிறீர்கள், எங்கே வெளியிடப் போகிறீர்கள் என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். நில விற்பனை, கடற்கரை உரிமை ஆகியவற்றில் வழக்குகள் இருக்கலாம். நீங்கள் எந்தத் தரப்பின் ஆள் என்ற ஐயம் தீராதவரை யாரும் மனம் திறந்து பேச மாட்டார்கள். காலையில் மீன் ஏலம் முடிந்து, வலை சீர்செய்ய உட்காரும் நேரமே பேச்சுக்கு உகந்தது.

"எந்த ஆண்டு?" என்று கேட்டால் விடை வராது, வந்தாலும் நம்ப முடியாது. "சுனாமிக்கு முன்பா, பின்பா?", "எம்.ஜி.ஆர். இறந்த வருசத்துக்கு முன்பா?", "தானே புயலுக்கா, வர்தாவுக்கா?", "மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா?" என்று நிகழ்ச்சிகளில் கட்டிக் கேட்க வேண்டும். பெரும்புயல் என்று ஒருவர் சொல்லும்போது எந்தப் புயல் என்று குறைந்தது இருவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். கரைவலை இழுத்த இடம், கட்டுமரம் ஏற்றிவைத்த இடம், மீன் உலர்த்திய இடம், பிணம் புதைத்த இடம், அம்மன் கோயில் முதலில் இருந்த இடம் ஆகிய ஐந்தையும் கேட்டு வரைபடத்தில் குறித்தால், விடுதிகளுக்கு முந்தைய ஊரின் வரைபடம் கிடைத்துவிடும். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கும், நீரோட்டத்துக்கும், மீனுக்கும் அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே எழுதுங்கள். நூல்நடைக்கு மாற்றிவிட வேண்டாம்.

பெண்களிடம் கேட்காமல் திரும்பினால் வேலை முடியவில்லை என்றே பொருள். மீன் கூடையைச் சுமந்து உள்ளூர்ச் சந்தைகளுக்கு நடந்தவர்களுக்கே எந்தத் தோப்பு எப்போது வேலியிடப்பட்டது, எந்த வழி எப்போது அடைபட்டது என்பது தெரியும். விடுதிகளில் முதன்முதலாக வேலைக்குப் போனவர்கள், கல்லுளிப் பட்டறைகளில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள், அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கும் மீனவ இளைஞர்கள் ஆகியோரின் கதைகளும் இதே தொகுப்பில் சேர வேண்டியவையே.

எழுதுதலும் திருப்பிக் கொடுத்தலும்

எழுதும்போது மன்னர் வரிசையை வைத்து அத்தியாயம் பிரிப்பதைவிட, இடத்தை வைத்துப் பிரிப்பது கடலோர ஊருக்குப் பொருந்தும் என்பது என் அனுபவம். கழி, கோட்டை மேடு, குப்பம், கோயில் தெரு, சாலையோரம் என்று ஒவ்வோர் இடத்தையும் எடுத்துக்கொண்டு, அதன்மேல் அடுக்கடுக்காக என்னென்ன வந்தன என்று சொன்னால், நவாபின் கோட்டையும் நட்சத்திர விடுதியும் ஒரே மண்ணில் அடுத்தடுத்து நிற்பது வாசகருக்குத் தானே புலப்படும். ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்திலேயே அது கல்வெட்டா, அரசு ஆவணமா, பேட்டியா என்று சுருக்கமாகக் குறித்துவிடுங்கள்.

அச்சுக்கு அனுப்புமுன், குப்பத்தைப் பற்றிய பகுதியைக் குப்பத்திலேயே ஒரு மாலையில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். உறவுமுறையிலும், இடப்பெயரிலும், யார் முதலில் வந்தார் என்பதிலும் அங்கேயே திருத்தம் சொல்வார்கள். இருவர் முரண்பட்டால் இருவர் சொன்னதையும் எழுதிக்கொள்ளலாம். பேட்டிகளின் ஒலிப்பதிவையும் படங்களையும் ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஒரு படி, கிளை நூலகத்துக்கு ஒரு படி, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்துக்கு ஒரு படி என்று மூன்று இடங்களில் ஒப்படையுங்கள். கிளை நூலகத்தில் வைக்கும் படியை அகலமான ஓரம் விட்டு அச்சிட்டு, பக்கத்தில் ஒரு பென்சிலையும் கட்டித் தொங்கவிட்டால், ஆறு மாதம் கழித்து நீங்கள் போய்ப் பார்க்கும்போது இரண்டாம் பதிப்புக்கான திருத்தங்கள் அந்த ஓரத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.